பழைய பத்துச் சக்கர லாரியின் இன்ஜின்: ரிங் போடுவதா, முழுதாகக் கட்டுவதா, மாற்று இன்ஜின் ஏற்றுவதா, வண்டியையே விடுவதா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் ஒன்றோ இரண்டோ லாரி வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, வண்டி வாங்கிய நாளைவிட அதிகமாக யோசிக்க வைக்கும் நாள் ஒன்று வந்தே தீரும். டியூ கட்டி முடித்து ஆண்டுகள் ஆகியிருக்கும், பேப்பர் எல்லாம் சரியாக இருக்கும், டயரும் பரவாயில்லை என்ற நிலையில் இருக்கும். ஆனால் சேலத்திலிருந்து தொப்பூர் கணவாயை லோடோடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்றும், ஒரே டிரிப்பில் ஆறு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று என்றும் டிரைவர் வந்து சொல்வார். அன்றைக்கே நான்கு யோசனைகள் வாசலுக்கு வந்துவிடும். பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையங்களான ரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்பார் ஒருவர். இறக்கி முழுதாகக் கட்டிவிடுங்கள் என்பார் மெக்கானிக். நல்ல இன்ஜின் ஒன்று பழைய இரும்புக் கடையில் இருக்கிறது என்பார் இன்னொருவர். வண்டிக்கு ஆள் இருக்கிறது, தள்ளிவிடுங்கள் என்பார் புரோக்கர். நால்வரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள் என்றாலும், நான்கும் எல்லா வண்டிக்கும் பொருந்துவதில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் இரண்டு இருந்த அதே ரகம்: டாடா 2518, பி.எஸ்.3 (புகை மாசு விதியின் ஒரு கட்டம்) காலத்துப் பத்துச் சக்கர வண்டி, அதில் உள்ள கம்மின்ஸ் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின். ஒரு வண்டிக்கு ரிங் வேலை பார்த்தோம், மற்றொன்றை முழுதாகக் கட்டினோம். லேலண்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

இன்ஜினைத் திறப்பதற்கு முன்பு ஆர்.சி. புத்தகத்தைத் திறக்க வேண்டும். இன்ஜினில் போடும் பணம் எத்தனை ஆண்டுக்கு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பிஸ்டனைவிடப் பெர்மிட்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 88ஆம் விதிப்படி, இரண்டு அச்சு சரக்கு வண்டிக்கு 12 ஆண்டும், இரண்டு அச்சுக்கு மேற்பட்ட மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 ஆண்டும் கடந்துவிட்டால் நேஷனல் பெர்மிட் கிடையாது. அதாவது, ஆறு சக்கர வண்டிக்குப் பன்னிரண்டோடு முடிகிற வெளிமாநில ஓட்டம், பத்துச் சக்கர வண்டிக்குப் பதினைந்து வரை நீள்கிறது. முதல் 8 ஆண்டுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காட்டிய எஃப்.சி.யை (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 15 ஆண்டைக் கடந்த கனரக வண்டிகளுக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 12,500 ரூபாய் என்று உயர்த்திய மத்திய அரசின் அறிவிக்கை 2021 அக்டோபரில் வந்தது. இந்தக் கட்டணங்கள் மீண்டும் மீண்டும் திருத்தப்படுவதால், வேலை தொடங்கும் முன் அன்றைய தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

ஆகவே 12 வயதான பத்துச் சக்கர வண்டிக்கும் 14 வயதான பத்துச் சக்கர வண்டிக்கும், இன்ஜின் ஒரே நிலையில் இருந்தாலும், விடை ஒன்றாக இருக்க முடியாது. முன்னதற்கு ஆந்திரா, மகாராஷ்டிரா என்று ஓடி வேலைச் செலவை மீட்க மூன்று ஆண்டு இருக்கிறது. பின்னது அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்குள் ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், நெல் என்று உள்ளூர் லோடுக்கு இறங்க வேண்டும். கையில் உறுதியான உள்ளூர் லோடு இருக்கிறவருக்கு அது குறை அல்ல. இல்லாதவருக்கு அதுதான் முதல் கேள்வி.

அடுத்து, இது உண்மையிலேயே இன்ஜின் வேலைதானா என்பதைப் பார்க்க வேண்டும். இழுவை இல்லை என்ற ஒரே குறையை வைத்து இன்ஜினைத் திறந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கறுப்புப் புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், டீசலைத் தெளிக்கும் நாசில், டீசல் பம்பின் டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பம்பையும் நாசிலையும் காலிபரேஷன் கடையில் ஏற்றினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆனால் அந்த ஆயில் ரிங் வழியாகவும் வரலாம், டர்போவின் சீல் வழியாகவும் வரலாம், வால்வு கைடு வழியாகவும் வரலாம். டர்போவின் காற்று வெளியேறும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தால், அங்கே ஆயில் தேங்கியிருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரிங் போய்விட்டது என்பதற்கு நம்பத்தக்க அடையாளம், இன்ஜினின் கீழறைக் காற்றை வெளியே விடும் பிரீத்தர் குழாய்: இன்ஜின் சூடான பிறகு அதிலிருந்து தொடர்ந்து புகை தள்ளினால், சிலிண்டரில் எரியும் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள்.

கீழ்ப்பாகத்தின் நிலையைச் சொல்வது ஆயில் பிரஷர். டாஷ்போர்டு முள்ளை நம்பாமல், பிளாக்கில் நேரடியாக ஒரு மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் பார்க்க வேண்டும். இந்தக் கம்மின்ஸ் இன்ஜினுக்கு ஐடிலில் 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. என்பது குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அதன் பேரிங்கும் தேய்ந்திருக்கின்றன என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்க்காமல்தான் நாங்கள் முதல் வண்டிக்கு ரிங் வேலை பார்த்தோம்.

ரிங் வேலை என்பது இன்ஜினைச் சேசிஸிலிருந்து இறக்காமலே செய்வது. ஹெட்டையும் கீழே ஆயில் சம்ப்பையும் கழற்றி, பிஸ்டனை மேலே உருவி, புது ரிங்கும் புது பிக்-எண்ட் பேரிங்கும் போட்டு, வால்வை அரைத்து மூடிவிடுவார்கள். நான்கு நாளில் வண்டி லோடுக்குப் போய்விடும். செலவும் முழு வேலையில் பாதிக்கும் குறைவாகவே தெரியும். அவசரத்தில் இருப்பவருக்கு இதைவிட இனிய யோசனை வேறு இல்லை.

இந்த இன்ஜினில் அதன் சிக்கல் பிளாக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. டாடாவின் பழைய 697 இன்ஜினிலும் லேலண்டின் ஹினோ வகை இன்ஜின்களிலும் சிலிண்டருக்குள் தனி லைனர், அதாவது கழற்றி மாற்றக்கூடிய உருளை, உண்டு. லைனரையும் பிஸ்டனையும் செட்டாக மாற்றிவிட்டால் உராயும் இரண்டு பரப்புகளும் புதிதாகிவிடுகின்றன. எனவே அங்கே ரிங் வேலைக்கும் முழு வேலைக்கும் நடுவே நியாயமான ஒரு வழி இருக்கிறது. கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினில் லைனர் கிடையாது. பிளாக்கின் இரும்பிலேயே போர் (பிஸ்டன் ஓடும் துளை) போட்டிருக்கிறார்கள். ஆறு ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடிய போரில், மேல் ரிங் திரும்பும் இடத்தில் ஒரு திட்டு விழுந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் விரல் நகத்தைக் கீழிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். நகம் அந்த இடத்தில் தட்டி நிற்கும். பழைய ரிங் தேய்ந்து அந்தத் திட்டுக்கு ஏற்ப உருமாறி ஓடிக்கொண்டிருந்தது. கூர்மையான விளிம்புள்ள புது ரிங்கை அதே போரில் விட்டால், அது ஒவ்வொரு சுற்றிலும் திட்டில் மோதும். அதோடு, வட்டம் கெட்டு நீள்வட்டமாகிவிட்ட போரில் வட்டமான ரிங் முழுதும் படிந்து அடைக்காது.

எங்கள் முதல் வண்டியில் நடந்தது இதுதான். வேலை முடிந்து இரண்டு மாதம் அருமையாக இழுத்தது. நாங்களும் மெக்கானிக்கைப் புகழ்ந்து இன்னும் இருவரை அவரிடம் அனுப்பினோம். எட்டாவது மாதம் பிரீத்தரில் பழையபடி புகை வந்தது. திறந்தபோது மூன்றாவது பிஸ்டனில் மேல் ரிங் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த நுனி போரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்திருந்தது, அந்தக் கோட்டில் விரல் வைத்தால் ஆழம் தெரிந்தது. முதலில் மிச்சப்பட்டதாக நினைத்த பணம், கேஸ்கெட், ஆயில், கழற்றி மாட்டும் கூலி ஆகியவற்றை இரண்டாவது முறை கொடுத்ததில் போயிற்று. வண்டி நின்ற நாட்களின் வாடகை நஷ்டம் அதற்கு மேல். மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அளக்காமல் செய்யச் சொன்னது நாங்கள்தான்.

ஆகவே ரிங் வேலையை நான் இரண்டு நிலையில் மட்டும் ஏற்பேன். ஒன்று, போரை டயல் கேஜில் அளந்து வரம்புக்குள் இருப்பது உறுதியாகி, வேறு காரணத்தால், உதாரணமாக ஒருமுறை வண்டி சூடேறியதால், ரிங் மட்டும் இளகிப்போயிருந்தால் செய்யலாம். இரண்டு, பெர்மிட்டும் சேசிஸும் இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்காது, அதுவரை ஓட்டினால் போதும் என்று தெரிந்தே முடிவெடுத்தால் செய்யலாம்.

இனி முழு வேலை. இதில் இன்ஜின் இறங்கி, பிளாக் வெறுமையாக்கப்பட்டு, கிராங்க், பிளாக், கனெக்டிங் ராடு, ஹெட் ஆகிய நான்கும் லேத்துக்குப் போகின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் வண்டி நிற்கும். இந்த நாட்களில் உரிமையாளர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், லேத்தில் அளவு எடுக்கும் நேரத்தில் அங்கே நிற்பதுதான்.

எங்கள் இரண்டாவது வண்டியின் கிராங்க்கை வி-பிளாக் மேல் படுக்க வைத்து, லேத்துக்காரர் ஒவ்வொரு பின்னையும் (கனெக்டிங் ராடு மாட்டும் உருளை) இரண்டு இடத்தில், இரண்டு திசையில் மைக்ரோமீட்டரால் அளந்து, கிராங்க்கின் கன்னத்திலேயே சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டு போனார். கனெக்டிங் ராடு பின்னின் புது அளவு 69 மில்லிமீட்டர், 68.962க்குக் கீழே போனால் அரைத்தே ஆக வேண்டும். ஐந்து பின்கள் 68.97, 68.98 என்று வந்தன. நான்காவது மட்டும் 68.94. ஒரு பின்தானே என்று விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஒரு பின்னை மட்டும் சிறிதாக்கி மற்றவற்றை விட்டால் பேரிங் செட்டு இரண்டு அளவில் கலந்துவிடும், அடுத்தமுறை திறப்பவருக்கும் தெரியாது, எனவே ஆறையும் 0.25 மில்லிமீட்டர் கீழே அரைத்து ஒரே அளவாக்குவதுதான் முறை என்றார். கால் மில்லிமீட்டர் படிகளில் இப்படி அரைத்துக்கொண்டே போகலாம். அந்தந்தப் படிக்குப் பேரிங் கடையில் கிடைக்கும்.

போருக்குப் புது அளவு 102 மில்லிமீட்டர், தேய்மான வரம்பு 102.116. மூன்றாவது சிலிண்டர் மேல்பகுதியில் 102.15 காட்டியது. எனவே ஆறையும் 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்கி, அந்த அளவுப் பிஸ்டனும் ரிங்கும் வாங்கினோம். இந்த பிளாக்குக்கு 0.50, 1.00 என்று இரண்டு ஓவர்சைஸ் உண்டு. அதையும் தாண்டினால் போரைக் குடைந்து ஸ்லீவ் (புது உருளை உறை) இறக்கலாம். போரிங் முடிந்த பிறகு ஹோனிங் (கல்லால் தேய்த்தல்) செய்த சுவரில், குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ஆயில் சுவரில் நிற்காது, ரிங்கும் படியாது. திரும்பக் கொண்டுவந்த பிளாக்கை டீசலில் மட்டும் கழுவாமல், சோப்புத் தண்ணீரும் பிரஷும் வைத்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத அளவுக்குக் கழுவ வேண்டும். அந்தச் சாம்பல் நிறம் ஹோனிங் கல்லின் பொடி. அது உள்ளே தங்கினால் புது ரிங்கையும் பேரிங்கையும் அரம்போல் தின்னும்.

முழு வேலையிலும் தவறவிடப்படும் சில இடங்கள் உண்டு. பேரிங் போன இன்ஜினின் ஆயில் கூலருக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கும். அதைக் கழுவாமலோ மாற்றாமலோ மாட்டினால் முதல் நாளே அந்தத் துகள் புது பேரிங்குக்கு வந்துவிடும். மெயின் போல்ட்டையும் ராடு போல்ட்டையும் டார்க் ரெஞ்சு வைத்துத்தான் முறுக்க வேண்டும். கைப்பழக்கம் எவ்வளவு நீண்டதானாலும் இந்த இரண்டு இடத்துக்கும் அது போதாது. இந்தக் கம்மின்ஸ் குடும்பத்து இன்ஜின்களில் முன்புற டைமிங் கியர் ஹவுசிங்கில் ஒரு சிறு டவல் பின் (பாகத்தை இடம் மாறாமல் நிறுத்தும் ஆணி) உண்டு. அதிர்வில் அது மெல்ல வெளியே நழுவிக் கியருக்குள் விழுந்து ஹவுசிங்கையே உடைத்துவிடும் என்பது அமெரிக்காவில் இதே இன்ஜினை டாட்ஜ் வண்டிகளில் ஓட்டியவர்கள் நன்கு அறிந்த குறை. முன் மூடி கழன்றிருக்கும்போது அந்தப் பின் வெளியே வராதபடி ஒரு சிறு தகடு வைத்து மூடிவிட்டால் சல்லிக்காசுச் செலவில் பெரிய கவலை தீரும்.

உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. சென்னை செம்பியத்தில் 1949 முதல் இயங்கும் இந்தியா பிஸ்டன்ஸ், மறைமலை நகரின் ஐ.பி. ரிங்ஸ், கோயம்புத்தூரில் பேரிங் செய்யும் பைமெட்டல் பேரிங்ஸ் என்று இன்ஜின் பாகங்களை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் இந்த மாநிலத்திலேயே இருக்கின்றன. பி.எஸ்.3 வண்டி பழையதாகிவிட்டது, இனிப் பொருள் கிடைக்காது என்று பயமுறுத்துகிறவர்களை இன்னும் பல ஆண்டுக்கு நம்ப வேண்டியதில்லை. பெட்டியின் மேல் உள்ள பெயரைவிட, பெட்டிக்குள் உள்ளது அந்தப் பெயர்க்காரருடையதுதானா என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம். பில்லோடு விற்கும் கடையில் வாங்குவது அதற்குப் போதுமான காப்பு.

மூன்றாவது வழி மாற்று இன்ஜின். இதில் இரண்டு வகை முற்றிலும் வேறானவை. உற்பத்தியாளரே பழைய இன்ஜினைப் பெற்றுக்கொண்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த ஒன்றைத் தருவது முதல் வகை. டாடா மோட்டார்ஸ் இதை புரோலைஃப் என்ற பெயரில் செய்கிறது. அளவெல்லாம் தொழிற்சாலை முறையில் நடந்திருக்கும், வாரண்டி உண்டு, வண்டி நிற்பது சில நாட்கள்தான். விலை, ஊரில் முழுதாகக் கட்டுவதைவிடக் கூடும். பத்து நாள் வண்டி நின்றால் ஒப்பந்த லோடே கைவிட்டுப் போகும் என்ற நிலையில் இருப்பவருக்கும், அருகில் நம்பிக்கையான லேத் இல்லாத ஊர்க்காரருக்கும் இது சரியான வழி. நாமக்கல்காரருக்கு அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் வீண்தான். அதே அளவுகளை அதே நுணுக்கத்தோடு எடுக்கக்கூடிய கைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

இரண்டாவது வகை, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின். ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த இன்ஜினும் நம்முடையதைப்போலவே பல லட்சம் கிலோமீட்டர் ஓடியதுதான். அதன் போரும் கிராங்க்கும் எந்த அளவில் இருக்கின்றன என்பது திறந்தால்தான் தெரியும். திறப்பதாக இருந்தால் நம்முடையதையே திறந்திருக்கலாம். நம் பிளாக்கில் விரிசல் விட்டிருந்தாலோ, ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தாலோ மட்டும் இதை நாடலாம், அதையும் இன்னொரு இன்ஜினாக நினைக்காமல் வெறும் பிளாக்காகவே கணக்கிட்டு வாங்க வேண்டும். மேலும் இன்ஜின் நம்பர் மாறுவதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு உட்பட்டு ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும். விற்றவரின் பில்லும், அந்த இன்ஜின் வந்த வண்டியின் பதிவு ரத்தான நகலும் கையில் இல்லாவிட்டால், எஃப்.சி. காட்டும் நாளிலோ வண்டியை விற்கும் நாளிலோ பதில் சொல்ல முடியாமல் நிற்க நேரிடும்; திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் அது காவல் நிலையம் வரை போகும்.

நான்காவது வழி, வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வண்டிக்குப் போவது. இதை உணர்ச்சியால் அல்லாமல் எண்ணால் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். முழு இன்ஜின் வேலைக்கு 3 லட்சம் ஆகிறது, அது மூன்று ஆண்டு உழைக்கிறது என்றால் மாதத்துக்கு 8,300 ரூபாய் சுமார். பழைய வண்டி என்பதால் கிளச், கிரவுன் (பின் அச்சின் பல்சக்கரம்), பட்டை (ஸ்பிரிங்), பிரேக் என்று மாதம் இன்னும் 10,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 18,300தான். பழைய வண்டியை விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டி, நான்கு ஆண்டுக் கடனில் ஒரு பி.எஸ்.4 வண்டி எடுத்தால் மாதத் தவணை 40,000 என்று கொள்வோம். மாதத்துக்கு 21,700 ரூபாய் வித்தியாசம். இதை லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும், மழைக்காலத்தில் செங்கல் சூளை நின்றாலும் கட்ட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதுவும் செய்யாமல் தேய்ந்த இன்ஜினோடு ஓட்டுவதும் இலவசம் அல்ல. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தால் மாதம் 40 லிட்டர் ஆயில். மைலேஜ் 4லிருந்து 3.5க்கு இறங்கியிருந்தால், 2,000 லிட்டர் போதிய இடத்தில் கிட்டத்தட்ட 2,286 லிட்டர் டீசல் வேண்டும். அந்த 286 லிட்டரின் விலையை இன்றைய பங்க் விலையில் பெருக்கிப் பார்த்தாலே, அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தள்ளிப்போடுவதுதான் நான்கு வழிகளையும்விட விலை உயர்ந்தது என்று தெரியும். புகைச் சோதனையும் இருக்கிறது: பி.எஸ்.3 டீசல் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட புகை அடர்த்தி 65 அலகு, பி.எஸ்.4க்கு 50. நீலப் புகையும் கறுப்புப் புகையும் கலந்து விடும் வண்டி அந்த 65ஐத் தாண்டாமல் இருப்பது கடினம்.

வாங்கப்போகும் வண்டியின் வகையும் முக்கியம். பி.எஸ்.4 நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1ஆம் தேதியும், பி.எஸ்.6 2020 ஏப்ரல் 1ஆம் தேதியும் கட்டாயமாயின. அந்த மூன்று ஆண்டுக் காலத்து லேலண்ட் வண்டிகள் பலவற்றில் பழைய இன்லைன் பம்பையே வைத்துக்கொண்டு ஐ-ஈ.ஜி.ஆர். என்ற முறையில் புகையைக் குறைத்தார்கள். நம் மெக்கானிக்குகளின் கைக்கு அது பழக்கமான இன்ஜின்தான். பி.எஸ்.6 வண்டியில் காமன் ரெயில், ஆட்புளூ (புகையைச் சுத்திகரிக்கும் திரவம்), புகை வடிகட்டி என்று எல்லாமே சென்சாரை நம்பி ஓடுகின்றன. வழியில் ஒரு விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள இடம் வரை போயாக வேண்டும். அவை மோசமான வண்டிகள் அல்ல, மைலேஜும் சொகுசும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஊர்ப் பட்டறையை நம்பித் தொழில் செய்கிற சிறு உரிமையாளர், தன் பராமரிப்புப் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவணைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சில வண்டிகளை விட்டுவிடத்தான் வேண்டும். பாடியைத் தூக்கிப் பார்க்கும்போது, பின்பக்கப் பட்டை மாட்டும் பிராக்கெட் அருகே சேசிஸில் விரிசல் ஓடியிருந்து, அதன் மேல் ஏற்கெனவே ஒருமுறை தகடு வைத்து வெல்டிங் அடித்திருந்தால், அந்த வண்டிக்குப் புது இன்ஜின் வேலை செய்வது தகாது. கிரவுனும் கியர் பாக்ஸும் இன்ஜினோடு சேர்ந்து ஒரே நேரத்தில் போயிருந்தாலும் அப்படித்தான். அவற்றைப் புரோக்கரிடம் கொடுத்து இன்னொரு சிறு உரிமையாளரின் தலையில் கட்டுவதைவிட, அரசு பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, டெபாசிட் சான்றிதழ் பெறுவதே முறை. அந்தச் சான்றிதழைக் காட்டி வாங்கும் புதிய சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதிகள் இடம் தருகின்றன. இன்னும் ஓர் ஆண்டுக்குள் எப்படியும் விற்கப்போகிறோம் என்று முடிவாகிவிட்டவரும் முழு வேலை செய்ய வேண்டாம். வாங்குபவர் இன்ஜின் வேலைக்கென்று முழுத் தொகையையும் கூட்டித் தர மாட்டார், நிலையை மறைக்காமல் சொல்லி அதற்கேற்ற விலைக்குக் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

எனவே, சேசிஸ் நன்றாக இருந்து, பெர்மிட்டோ உறுதியான உள்ளூர் லோடோ இன்னும் மூன்று ஆண்டு கையில் இருந்தால், அளந்து செய்யும் முழு வேலையையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அப்படிக் கட்டிய இன்ஜினை முதல் சில நாட்கள் ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிடாமல், அரை லோடுக்குக் குறையாமல் ஏற்றி, சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். ரிங் படிவதற்குச் சிலிண்டரில் அழுத்தம் தேவை, வெறும் ஓட்டத்தில் அது கிடைக்காது. முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கி, ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியின் முதல் ஃபில்டரில் மயிர்போன்ற சில துகள்கள் இருந்தன. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. லேத்துக்காரர் எழுதிக்கொடுத்த அளவுச் சீட்டு இன்றும் ஆர்.சி. நகலோடு அதே உறையில் இருக்கிறது: கிராங்க் ஒருமுறை அரைத்தது, போர் 0.50, இன்னும் 1.00 பாக்கி.